தண்ணீர் ஊற்றிய சாக்லேட்

எங்கள் தோட்டத்தில் எனக்குச் 'சாக்லேட் அக்கா' என்று ஒரு பெயர் உண்டு. பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் லயத்து ஆட்களை யாராலும் மிஞ்ச முடியாது. ஐந்து வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, என் பெட்டியில் பாதி சாக்லேட்தான் இருந்தது. லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கிற பன்னிரண்டு காம்பரா வீட்டுக்கும் கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். இரண்டு நாளில் சாக்லேட் தீர்ந்துபோனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. ஆனாலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஐந்து வருடம் நின்ற காலோடு உழைத்தவளுக்கு, யாரோ ஒரு கம்பெனி செய்து பொட்டலம் கட்டிய இனிப்பின் பெயர்தானா மிச்சம்? என் கையால் செய்த சாக்லேட்டை இவர்கள் யாரும் பார்த்ததே இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

செய்யத் தெரியும் எனக்கு. நன்றாகவே தெரியும். நான் வேலை செய்த வீட்டில் ஒவ்வொரு பெருநாளுக்கும் அடுக்குச் சாக்லேட் செய்வார்கள். அடியில் பிஸ்கட் தூளும் பட்டரும் பிசைந்து அழுத்திய ஓர் அடுக்கு. நடுவில் டின் பாலும் சீனியும் காய்ச்சிச் சிவக்க வைத்து, பருப்பு சேர்த்து ஊற்றிய ஓர் அடுக்கு. மேலே உருக்கிய சாக்லேட். முதல் பெருநாளுக்கு மேடம் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். இரண்டாம் பெருநாளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். மூன்றாம் பெருநாளிலிருந்து குசினிப் பக்கமே வரவில்லை. எல்லாம் நான்தான்.

விருந்தாளிகள் வருவார்கள். நான் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு துண்டை வாயில் போட்டதும் கண்ணை விரித்து, "யார் செய்தது?" என்று கேட்பார்கள். மேடம் சிரித்துக்கொண்டே அவர்கள் பாஷையில், "நான்" என்பார். முதல் வருடம் எனக்கு அந்த பாஷை புரியவில்லை. புரிய ஆரம்பித்த பிறகுதான் தட்டு கனக்கத் தொடங்கியது. மேடத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, ஒழுங்காகச் சம்பளம், வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் பேச ஃபோன். அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு நாளாவது என் வீட்டில், என் ஆட்கள் முன்னால் நின்று, "நான் செஞ்சேன்" என்று சொல்லவேண்டும். இந்த ஆசையோடுதான் விமானம் ஏறினேன்.

எங்கள் தோட்டம் தெரணியகலை டவுனுக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டம். தீபாவளி அன்று காலை கோயிலுக்குப் போய் வந்ததும் வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். வாங்கியவர்கள் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு கை சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். எந்த வீட்டுத் தட்டில் என்ன இருந்தது, முறுக்கு உடைந்ததா, அதிரசம் கல்லா பஞ்சா என்ற பேச்சு கார்த்திகை விளக்கு வரைக்கும் ஓடும்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் தலைவி என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கச்சி. எங்களுக்கு மூன்று காம்பரா தள்ளி இருக்கிறாள். அவள் அதிரசம் செய்தால் தோட்டமே மணக்கும், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவள் வாய் இருக்கிறதே! நான் திரும்பி வந்த முதல் தீபாவளிக்கு என் முறுக்கு எண்ணெயில் போட்டதும் துண்டு துண்டாக உடைந்தது. "அண்ணி, இது முறுக்கா மிக்சரா?" என்று இஸ்தோப்பில் நின்று கேட்டாள். லயத்து முன்வாசல் அது. ஒரு கோடியில் பேசினால் மறு கோடிக்குக் கேட்கும்.

போன தீபாவளிக்குத்தான் துணிந்து அடுக்குச் சாக்லேட் செய்தேன். டவுனுக்குப் போய்ச் சாக்லேட் கட்டி வாங்கி, மேடம் வீட்டில் செய்த மாதிரியே அச்சு அசலாகச் செய்தேன். மேல் அடுக்கு கண்ணாடி மாதிரி பளபளத்தது. தட்டை மூடி நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் தின்றாள்.

"மேடம் அனுப்புனாங்களா அண்ணி?" என்றாள்.

"நான் செஞ்சதுடி."

"சும்மா சொல்லாதீங்க அண்ணி. இது கடைச் சாமான். கொழும்புல விக்கிறாங்க, எனக்குத் தெரியாதா?"

கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துவிட்டாள். அவள் நினைத்தால் லயமே நினைத்த மாதிரிதான். பன்னிரண்டு காம்பராவிலும் அதே பேச்சு. 'சாக்லேட் அக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்திருக்கு.' அங்கே மேடம் என் உழைப்பை எடுத்துக்கொண்டார். இங்கே ஒருவரும் எடுத்துக்கொள்ளாமலே அது கடைக்குப் போய்விட்டது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இந்த வருடம் யோசித்து வைத்தேன். எந்த நாட்டுக் கடையிலும் கிடைக்காத ஒன்றை உள்ளே வைக்கவேண்டும். தின்றவுடனே இது இந்த மண்ணில் செய்தது என்று தெரியவேண்டும். என்னோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சிங்கள அக்கா ஒருவர் இருக்கிறார், அடுத்த மரவரிசை அவருடையது. அவர் வீட்டுக்காரர் கித்துள் பனை ஏறிப் பதநீர் இறக்குகிறவர். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் மறுநாளே வாழைச் சருகில் சுற்றி இரண்டு கட்டி கித்துள் கருப்பட்டி கொண்டுவந்தார். நடு அடுக்கில் சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி. பருப்புக்கு, வரக்காப்பொலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் கண்டி ரோட்டோரம் வாங்கிவந்த முந்திரி, எங்கள் கஜு. மேடத்துக்கு இது கனவிலும் வராது. நினைத்துப் பார்க்கவே எனக்குக் குஷியாக இருந்தது.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறார். நாங்கள் மரத்தில் வெட்டிச் சேர்த்துக்கொண்டு வருகிற பாலை வாங்கி, அளந்து, தட்டுகளில் ஊற்றி உறைய வைப்பது அவர் பொறுப்பு. பாலுக்குள் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார். எடை காட்டுவதற்காக யாராவது பாலில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தால் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் அந்த ஆளுக்கு ஸ்டோர் வாசலிலேயே அர்ச்சனைதான். தோட்டத்தில் 'தண்ணி ஊத்தினவன்' என்பதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. என் பாலுக்கும் குழாயைப் போட்டுத்தான் பார்ப்பார். பெண்டாட்டி என்று ஒரு சலுகை கிடையாது. அந்த நேர்மையில் எனக்குக் கோபமும் உண்டு, பெருமையும் உண்டு.

தீபாவளிக்கு முதல் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. பால் இல்லையென்றால் ஸ்டோரில் வேலை இல்லை. மனிதர் வீட்டில் உட்கார்ந்து, நான் போகிற பக்கமெல்லாம் குறுக்கே வந்துகொண்டிருந்தார். எனக்கு மழை நல்லதாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்து வெயிலுக்குச் சாக்லேட் சொன்ன பேச்சு கேட்காது. மழை நாளில் சிமெந்துத் தரையே ஜில்லென்று இருக்கும்.

அடி அடுக்கைக் காலையிலேயே அழுத்தி முடித்தேன். மாரி பிஸ்கட்டை இடித்து மார்ஜரினோடு பிசைந்து தட்டில் பரப்பி, டம்ளரின் அடியால் மட்டம் பண்ணினேன். அடுத்தது கருப்பட்டி. கரைத்து, வடிகட்டி, டின் பால் சேர்த்து, அடுப்பை விட்டு நகராமல் கிண்டினேன். கித்துள் கருப்பட்டிக்கு ஒரு குணம் உண்டு. சீனியைவிட முந்திக் கருகும். ஒரு நிமிடம் அசந்தால் கசந்துவிடும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தேன். மெத்தென்று உருண்டு வந்ததும் இறக்கி, கஜுவைக் கொட்டி, அடி அடுக்கின் மேல் ஊற்றினேன். அந்த மணத்துக்குப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மத்தியானம் சாக்லேட்டை உருக்கினேன். கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, ஆவி படாமல், மெதுவாகக் கிண்டவேண்டும். பாதி உருகியிருக்கும். அந்த நேரம் பார்த்து மழை வலுத்தது. பின்னால் கொடியில் கிடந்த தீபாவளி உடுப்பு நினைவுக்கு வந்தது.

"என்னங்க, இதக் கொஞ்சம் கிண்டிக்கிட்டு இருங்க. துணிய எடுத்துட்டு வந்துர்றேன். வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று கரண்டியைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

உடுப்பை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தால், கிண்ணத்தில் சாக்லேட் இல்லை. சாக்லேட் இருந்த இடத்தில் ஈரச் சிமெந்து மாதிரி மொரமொரவென்று ஏதோ திரண்டு நின்றது. பக்கத்தில் ஒரு டம்ளர். அதில் பாதித் தண்ணீர்.

"என்ன செஞ்சீங்க?"

"கெட்டியா இருந்திச்சி புள்ள. ரெண்டு கரண்டி தண்ணி சேத்தேன்."

"தண்ணியா!"

"ஸ்டோர்ல பால் கெட்டியா இருந்தா தண்ணி சேத்துத்தானே தட்டுல ஊத்துறோம். அப்பதானே தட்டு முழுக்க ஒரே சீரா பரவும்."

தலையில் அடித்துக்கொண்டேன். உருகின சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் போச்சு. அதில் இரண்டு கரண்டி! இத்தனை வருடமாக அடுத்தவன் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பொறுக்காத மனிதர், என் சாக்லேட்டில் கூசாமல் ஊற்றியிருக்கிறார். வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் மட்டுமல்ல, ஸ்டோர், தட்டு, குழாய், ரப்பரைக் கண்டுபிடித்தவன் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவர் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். சாக்லேட் கட்டி வேறு கிடையாது. அந்த மழையில் டவுனுக்கு இறங்கிப் போகவும் வழியில்லை.

கொட்டிவிடலாம் என்று கிண்ணத்தை எடுத்தேன். அப்போதுதான் மேடம் வீட்டில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் பெருநாளில் மூடியிலிருந்த ஆவித்தண்ணீர் கிண்ணத்தில் சொட்டி இதே மாதிரி திரண்டுவிட்டது. மேடம் பார்த்துவிட்டு, "குப்பையில் கொட்டு" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்குக் கொட்ட மனம் வரவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில், சூடான பாலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்துப் பார்த்தேன். திரிந்தது மெல்ல மெல்ல இளகிச் சேர்ந்துகொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வீட்டில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான்.

மிச்சமிருந்த டின் பாலைச் சூடாக்கினேன். ஒரு கரண்டி விட்டு அடித்தேன். இன்னும் மோசமாகத் தெரிந்தது. இன்னொரு கரண்டி. மணிக்கட்டு கடுத்தது. அவர் வந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். நாலாவது கரண்டியில் மொரமொரப்பு குறைந்தது. கொஞ்சம் மார்ஜரின் போட்டேன். ஆறாவது கரண்டியில் சாக்லேட் நாடா மாதிரி வழிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு கையால் அவர் தோளில் ஓங்கி அடித்தேன். "உங்க தண்ணியையும் சேத்துக் காப்பாத்திட்டேன்" என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மேலே ஊற்றி, தட்டை, மலையூற்றுப் பீலியில் பிடித்த தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினில் மிதக்க வைத்தேன். போன வருடப் பளபளப்பு இல்லை. உடைத்தால் 'டக்' என்று சத்தம் வராது, பால் சேர்ந்ததால் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் ஒரு விளிம்பை நக்கிப் பார்த்தபோது போன வருடத்தைவிட இதுதான் ருசி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கருப்பட்டியோடு இதுதான் சேர்கிறது.

சாயங்காலம் வெட்டப் போனால், தட்டின் நாலு மூலையிலும் நாலு பள்ளம். பெருவிரல் அடையாளம்.

"உறைஞ்சிருச்சான்னு பாத்தேன்" என்றார். ஸ்டோரில் பால் உறைந்ததா என்று மூலையில் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். கையைக் கட்டிப்போட்டாலும் கால் விரலால் அழுத்திப் பார்ப்பார் போலிருக்கிறது. திட்டுவதற்குக் கூட எனக்குத் தெம்பு இல்லை.

தீபாவளி காலையில் மழை விட்டிருந்தது. கோயிலிலிருந்து வந்து தட்டுகளை அடுக்கினேன். அவசரத்தில் எந்தத் துண்டு எந்தத் தட்டுக்குப் போனது என்று பார்க்கவில்லை. நாத்தனார் வீட்டு இஸ்தோப்பில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் புது வேட்டியோடு அங்கே நின்றார். கருப்பட்டி தந்த சிங்கள அக்காவும் பலகாரம் வாங்கிக்கொள்ள வந்திருந்தார். போன மாதம் பாலில் தண்ணீர் ஊற்றி என் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்ட ஆளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

நாத்தனார் துணியை விலக்கினாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றவள் பாதியில் நிறுத்தினாள்.

"கித்துள்!" என்றாள். "கித்துள் கருப்பட்டி அண்ணி! அப்ப இது கடைச் சாமான் இல்ல. இங்க செஞ்சதுதான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வருடமாகத் தேக்கி வைத்திருந்த சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவள் இன்னொரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூலைத் துண்டு. என் வீட்டுக்காரரின் வலது பெருவிரலில் ரோலர் மெஷின் வெட்டிய தழும்பு குறுக்கே ஓடும். அந்தத் தழும்போடு அப்படியே சாக்லேட்டில் பதிந்திருந்தது. கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா?

"அடடா, இது எங்கண்ணே வெரலு!" என்று கத்தினாள். "அண்ணே செஞ்சதா இது? பாருங்க எல்லாரும், எங்கண்ணே சாக்லேட் செஞ்சிருக்கு!"

அவ்வளவுதான். துண்டு கைக்குக் கை மாறியது. எல்லோரும் தழும்பைப் பார்த்தார்கள். "ஸ்டோர்காரரு கைன்னா சும்மாவா", "உறைய வைக்கிறதுல அவர யாரு அடிச்சிக்கிறது" என்று ஆளுக்கு ஆள் அவர் முதுகில் தட்டினார்கள். நான் தட்டு மூடிய துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் கடந்த அந்த ஹாலில் தட்டோடு நின்றது போலவே நின்றேன். மூக்கு விடைத்தது. இந்த மனிதர் ஒரு சிரிப்புச் சிரித்துத் தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்தது. நான் ஏதாவது சொன்னால் புருஷனோடு போட்டி போடுகிறாள் என்பார்கள்.

அவர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"நான் செய்யல" என்றார். "நான் அதுல தண்ணி ஊத்தினேன்."

முதுகில் தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நல்லா இருந்த சாமானுல ரெண்டு கரண்டி தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டேன். குப்பையில போடுற மாதிரி ஆயிருச்சி. அத அடிச்சி அடிச்சி சரி பண்ணினது அவதான். கருப்பட்டி காய்ச்சினது, அடுக்கு ஊத்தினது எல்லாம் அவதான். நான் வெரல மட்டுந்தான் வச்சேன்."

முதலில் சிரித்தது போன மாதம் மாட்டிக்கொண்ட ஆள். "யாரு, நீங்களா? நீங்க தண்ணி ஊத்துனீங்களா?" என்று தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் லயமே சிரித்தது. என் வீட்டுக்காரர் காது வரைக்கும் சிவந்துபோய் நின்றார். தோட்டத்தில் எதைச் சொன்னால் தலை குனியவேண்டுமோ அதை, அத்தனை பேர் முன்னால் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். இன்றைக்கும் ஸ்டோரில் யாராவது மாட்டிக்கொண்டால், "சாக்லேட்டுல ஊத்தலையே" என்று பதில் வருகிறதாம். அவர் அதையும் என்னிடம் வந்து சொல்லிச் சிரிக்கிறார். மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு நான் பட்ட பெருமை கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

சிங்கள அக்கா பேச்சு முழுவதையும் புரிந்துகொண்டாரோ இல்லையோ, ஒரு துண்டைத் தின்று முடித்து, "ஹரி ரசய் நங்கி" என்று என் கையைப் பிடித்தார். நல்ல ருசி தங்கச்சி என்று அர்த்தம். நாத்தனார் விரலில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கேலி இல்லாத முகத்தோடு அவள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"நெசமாவா அண்ணி? யாரு செஞ்சது?"

மேல் லயத்துக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"நான் செஞ்சேன்."